பின்பாட்டு இல்லாத பாட்டுகள்

நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களுக்கு ஒற்றைக் குரலில் ஓர் ஆல்பம் என்பது அதிகம் பழக்கமில்லாத காரியம். நம் பாட்டில் பெரும்பாலானவை கூட்டத்தில் பிறந்தவை. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், நாலு பேர் வாங்கிப் பாடுவார்கள். நடவு நட்டாலும் சரி, கும்மி கொட்டினாலும் சரி, வலை இழுத்தாலும் சரி, முன்பாட்டும் பின்பாட்டும் சேர்ந்தால்தான் அது முழுப் பாட்டு. அந்த முறையை எடுத்துக்கொண்டு, காதல் முறிந்துபோனதைப் பற்றி ஒற்றைக் குரலில் ஏழு பாட்டுகள் பாடி வெளியிட்டிருக்கிறேன். நாலு அடி தவிர வரி எழுதியது, மெட்டுக்குள் உட்கார வைத்தது, பாடியது, பெரும்பகுதியைப் பதிவு செய்தது எல்லாம் நானே. வழியில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டும் பெண்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது உதவினால் சந்தோஷப்படுவேன்.

நான் கடலூர் முதுநகரில் வளர்ந்தவள். கோயில் திருவிழா, பள்ளி விழா, விழிப்புணர்வு நிகழ்ச்சி என்று ஒரு கலைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்பாட்டு பாடியவரும் நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்தவரும் ஒரே ஆள். பறையும் அடிப்பார். ஒரு கட்டத்தில் பிரிந்தோம். அவருக்கு வேறு இடத்தில் திருமணமும் ஆகிவிட்டது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். பாட்டிலும் எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதன் பிறகு வீட்டில் தனியாகப் பாடிப் பார்ப்பேன். ஒவ்வொரு அடி முடிந்ததும் வாய் தானாக நின்றுவிடும். பின்பாட்டு வரவேண்டிய இடம் அது. அதற்குரிய தாளம் முடியும்வரை காத்திருந்துதான் அடுத்த அடியை எடுப்பேன். பல வருடப் பழக்கம் உடம்பில் ஊறிப்போயிருந்தது. நான் எழுதக்கூடிய எந்த வரியும் அந்தக் காத்திருப்பு சொல்வதைச் சொல்லிவிடாது என்று தோன்றியது. தொகுப்பு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. முன்பாட்டை மட்டும் பாடுவது, பின்பாட்டுக்கான இடத்தை அளவு குறைக்காமல் காலியாக விடுவது. அவ்வளவுதான் திட்டம்.

மூன்றாவது பாட்டு அம்பாப் பாட்டு மெட்டில் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் ‘ஏலேலோ’ என்று எடுப்பார். வடம் பிடித்திருக்கிற அத்தனை பேரும் ‘ஐலசா’ என்று சேர்ந்து சொல்லி ஒரு இழுப்பு இழுப்பார்கள். வேலை நடப்பது அந்த ஐலசாவில்தான். என் பாட்டில் ஏலேலோ வரும், ஐலசா வராது. தேவனாம்பட்டினத்தில் தொழிலுக்குப் போகும் ஒரு அண்ணனிடம் முதலில் பாடிக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எம்மா, ஒத்த ஆளு வடம் புடிச்சா மாதிரி இருக்குதும்மா” என்றார். பாட்டு சரியாக வந்திருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் வந்தது.

இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் அன்போடு அதை நிரப்பப் பார்த்தார்கள். புதுச்சேரியில் ஒலிக்கலவை செய்துகொடுத்த தம்பி, “அக்கா, இந்த எடத்துல ஒரு புல்லாங்குழல் போட்டா நல்லா ஏறும்” என்றார். “வேணாம் தம்பி, அங்க ஆள் இல்லைங்கறதுதான் பாட்டே” என்றேன். அவர் நல்ல காது உள்ளவர், புரிந்துகொண்டார். ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் மிகவும் பயன்பட்டது. இடைவெளியில் ஒலியை முழுக்க அறுத்துவிட்டால் கேட்பவர் பாட்டு நின்றுவிட்டது, நெட்வொர்க் போய்விட்டது என்று போனைப் பார்ப்பார். அதனால் பாடும் அறையில் யாரும் வாய் திறக்காமல், அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறை ஓசையைப் பதிவு செய்து வைக்கச் சொன்னார். காலியிடத்தில் எல்லாம் அந்த ஓசைதான் இருக்கிறது. அது காதுக்குத் தனியாகத் தெரியாது, ஆனால் பாடுகிறவள் அங்கேயே நிற்கிறாள் என்பது தெரியும். எந்தப் பாட்டைப் பதிவு செய்தாலும் அதே மைக், அதே இடம், அதே நேரத்தில் ஒரு நிமிட அறை ஓசையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது அதன் அருமை தெரியும்.

சோகத்தைப் பாடும் முறையை ஒப்பாரியிடம்தான் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் என் ஆயாவின் ஊர். சாவு விழுந்தால் முதல் ஆளாக ஆயாவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, ஒருத்தி எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒப்பாரியில் செத்தவரின் பெருமை வரும், பிறகு பாடுகிறவளின் நிலைமை வரும். அப்படி இருந்தேன், இப்படி ஆனேன் என்று அடுக்கிக்கொண்டே போவாள். பொறந்த வீட்டில் தன்னை மதிக்காதது, அண்ணி சொன்ன சொல், கையில் காசில்லாதது எல்லாம் அதற்குள் வந்துவிடும். சுற்றி இருக்கிறவர்களும் தங்கள் தங்கள் துக்கத்தை நினைத்துத்தான் அழுவார்கள். ஒரு சாவின் பேரில் அத்தனை பேருடைய அழுகைக்கும் அங்கே இடம் இருக்கிறது. காதல் முறிவைப் பற்றிப் பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். என் காதலன், என் தெரு, என் தேதி என்று எல்லா இடத்தையும் நானே அடைத்துக்கொண்டால், கேட்கிறவள் எங்கே உட்காருவாள்?

இன்னொன்று, மூச்சு. ஒப்பாரியில் அடியின் முடிவு கீழே இறங்கும், இழுவை தேயும், பிறகு விசும்பலோடு ஒரு மூச்சு. அந்த விசும்பல் தாளத்துக்குள் இருக்கும். அழுதுகொண்டே பாட முடிவதற்கு அந்த அமைப்பு ஒரு காரணம். இப்போது பதிவில் மூச்சுச் சத்தத்தை எல்லாம் மென்பொருளில் சுத்தமாக எடுத்துவிடுகிறார்கள். இந்த வகைப் பாட்டில் அதைச் செய்யவே கூடாது. மூச்சு போனால் பாட்டில் ஆள் இல்லை.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். “வூட்ல குந்திக்கினு ஒப்பாரி வைக்காதடி, ஆவாது” என்று அம்மா தடுத்தார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி மெட்டு எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அம்மாவோடு சண்டை போடவில்லை. அந்த மெட்டுப் பாட்டுகளை மட்டும் விடியற்காலையில் வெள்ளிக் கடற்கரையில் போய்ப் பழகினேன். கடற்கரையில் பாடுவதால் ஒரு லாபமும் உண்டு. அலைச் சத்தத்தில் நம் குரல் நமக்கே பாதிதான் கேட்கும், அழகாகப் பாட வேண்டும் என்ற நினைப்பு குறைந்துவிடும். சாவு வீட்டில் போனை நீட்டிப் பதிவு செய்யும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது வேண்டாம். காரியமெல்லாம் முடிந்து, பாடியவரை வேறொரு நாளில் தனியாகப் பார்த்து, கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு பிரிவைப் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம்முடையது நெய்தல் நிலம். கடலும் கடல் சார்ந்த இடமும் என்று வகுத்தவர்கள் அதற்குக் கொடுத்த உரிப்பொருள் இரங்கல். போன ஆளை நினைத்து உருகுவதுதான் இந்த மண்ணின் ஒழுக்கம் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, வெயில் சாய்கிற நேரம். முதல் பாட்டை அந்த நேரத்தில்தான் வைத்தேன். காதல் பாட்டு என்றாலே நிலா, மழை என்று கை போகும். கடலூரில் சாயங்காலம் நாலரை மணிக்குத் துறைமுகத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள். வலை மடிப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், கருவாடு காயப்போட்டவர்கள் வாரிக்கொண்டிருப்பார்கள், எல்லோருக்கும் போவதற்கு ஒரு வீடு இருக்கும். போக இடமிருந்தும் போகப் பிடிக்காத ஒருத்திக்கு அதைவிடக் கனமான பொழுது கிடையாது.

திலகவதியார் கதையும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்தவர், அப்பருக்கு அக்கா. கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் போரில் இறந்துவிட, இவரும் உயிரை விடத் துணிந்து, தம்பி தனியாகிவிடுவானே என்று இருந்துவிட்டார். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைப் பாடியிருக்கிறார். திருவதிகைக் கோயிலில் விளக்குமாறும் பூக்கூடையுமாக அவர் வேலை செய்துகொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஐந்தாவது பாட்டில் ஒரு பெண் வாசல் பெருக்கிக்கொண்டே இருக்கிறாள், பேர் கிடையாது, சாமி கிடையாது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். துக்கத்திலிருந்து மீண்டுவிட்டாள் என்று முடிக்காமல், துக்கத்தோடு வேலை பார்க்கிறாள் என்று முடித்ததற்கு அந்த அம்மாதான் காரணம்.

வரி எழுதுவதைப் பற்றிச் சொல்கிறேன். ‘ஏன் போனாய்’ என்று கேட்கும் வரி எழுதுவது எளிது. அது பதில் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்கு எழுதிய கடிதம், மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லை. அதைவிடக் கண்ணால் பார்த்த பொருளை எடுத்து வைத்தால் போதும். மனம் கொதித்துக்கொண்டிருந்த நாள்களில் நான் பாட்டு எழுதவில்லை. நோட்டில் பொருள்களை மட்டும் எழுதி வைத்தேன்: ரெண்டு டம்ளர், சார்ஜர், பேருந்துச் சீட்டு, அழியாத கோலம். மாதங்கள் கழித்து அந்தப் பட்டியலில் எது இன்னும் குத்துகிறதோ அதுதான் பாட்டானது.

வாசலிலே இட்ட கோலம் வச்சபடி கெடக்குதய்யா
மிதிச்சழிக்க ஒரு காலு இந்த வீதி வரலியே

இதில் அழுகை என்ற சொல்லே இல்லை. ஆனால் எந்த ஊரில் பாடினாலும் இந்த இடத்தில் பெண்கள் தலையைக் குனிகிறார்கள். கும்மி மெட்டில் இன்னொன்று எழுதினேன்.

கும்மி கொட்ட எழுந்த கையி ஒத்தக் கையா நின்னுபோச்சு
சுத்தி வந்த வட்டத்துல ஒரு எடம் ஓட்டையாச்சு

கும்மி சந்தோஷத் தாளம். அதைக் கொஞ்சமும் மெதுவாக்காமல், துள்ளலோடு பாடினேன். சோகப் பாட்டென்றால் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. துள்ளுகிற தாளத்தில் துக்கத்தை வைத்தால் இரண்டும் மோதி ஒரு வலி வரும். தாலாட்டு மெட்டிலும் அது நடக்கும், தூங்கவைக்க ஆளில்லாத தாலாட்டு.

பேர், ஊர், தொழில், பேருந்துத் தடம் என்று பிரிந்துபோனவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் பாட்டில் வைக்கவில்லை. அவருக்கு இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது, அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர் அனுப்பிய குரல் பதிவுகள் என்னிடம் இருந்தன. ஒன்றைப் பாட்டின் நடுவில் போட்டால் பிரமாதமாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஒருவர் நம்பிக்கையோடு அனுப்பிய குரலைப் பாட்டில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சட்டப்படியும் அது வம்பு. வெளியிடுவதற்கு முன் பொதுவான ஒரு தோழி மூலம் இப்படி ஒரு தொகுப்பு வருகிறது, உங்களைக் குறிக்கும் எதுவும் இல்லை என்று தகவல் மட்டும் சொல்லி அனுப்பினேன். ‘சரி’ என்று பதில் வந்தது. அந்தச் சரிக்குப் பிறகு எனக்கு மனம் லேசாக இருந்தது. யார் செய்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

இனி குரல். மேடையில் நான் ஆறரைக் கட்டைச் சுருதியில் பாடுபவள். பம்பை, பறை, தவில் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதால் நாட்டுப்புற மேடையில் பெண்கள் உயரத்தில்தான் பாடுவோம். தனி மைக்குக்கு முன் அந்தச் சுருதி தேவையில்லை, அதில் பாடினால் கூப்பாடாகக் கேட்கும். நாலரைக் கட்டைக்கு இறங்கினேன். முதலில் வேறு யாரோ பாடுவது போலிருந்தது. அடித்தொண்டையில் இத்தனை நாள் பயன்படுத்தாத ஒரு குரல் இருந்தது. பேசுகிற குரலுக்குப் பக்கத்துக் குரல் அது. பிரிவைப் பேசுவதற்கு அதுதான் பொருத்தம். உங்கள் மேடைச் சுருதியிலிருந்து ஒவ்வொரு அரைக்கட்டையாக இறக்கி ஒரே அடியைப் பாடிப் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேட்டு முடிவெடுங்கள். அன்றைக்கே கேட்டால் உயரமாகப் பாடியதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

அழுத நாளில் பதிவுக்கு உட்காராதீர்கள். அழுகை வரும்போது குரல்வளை விரிந்து நிற்கப் பார்க்கும், விழுங்கும் தசை அதை மூடப் பார்க்கும். தொண்டை அடைப்பது அதனால்தான். அந்த நிலையில் இழுத்துப் பாடினால் அடுத்த இரண்டு மூன்று நாளும் குரல் கரகரக்கும். அழுகையைக் குரலில் கொண்டுவருவது வேறு, அழுதுகொண்டு பாடுவது வேறு. ஒப்பாரிக்காரர்களே நன்றாகப் பாடுவது முதல் நாள் அழுகையில் இல்லை, காரியத்து அன்றுதான் என்று ஆயா சொல்வார்.

பதிவு வீட்டில்தான் செய்தேன். கடற்கரை ஊரில் நேரம் கிடைப்பது கஷ்டம். முதுநகரில் விடியும் முன்பே படகு எஞ்சின் சத்தம் ஆரம்பித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, சிமெண்ட் ஷீட் கூரையில் கொட்டுகிற மழையோடு பாட முடியாது. மாசியில் மாசிமகம், சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்கு வரும், தெருவெல்லாம் ஒலிபெருக்கி. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்படி ஓர் அமைதி வரும். கத்திரி வெயில் காலம் வேறு. மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு, அதனால் ஒரு பாட்டுக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்று வாங்கிவிட்டு வருவேன். பதிவு தொடங்கும் முன் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும். அதன் உறுமல் நம் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது.

மைக் விஷயத்தில் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கண்டென்சர் மைக் நுணுக்கமாக எடுக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் சுவரில் எதிரொலி உள்ள சாதாரண வீட்டு அறையில் அது பக்கத்து வீட்டு டிவியையும் நுணுக்கமாக எடுக்கும். மேடையில் பயன்படுத்தும் டைனமிக் மைக்கை வாய்க்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பாடினால் அறை ஓசை குறையும், குரல் கூடும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி, பக்கத்தில் கொடி கட்டி ஜமுக்காளம் தொங்கவிட்டால் போதும். முன்னால் வைப்பதைவிட முதுகுக்குப் பின்னால் வைப்பதுதான் முக்கியம், மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் திசையைத்தான். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, உச்சக்குரல் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி அளவைக் குறைத்து வையுங்கள். ஒப்பாரி மெட்டில் குரல் திடீரென்று எகிறும், எகிறி உடைந்த ஒலியைப் பிறகு சரிசெய்ய முடியாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த முனகல் பதிவில் ஏறும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

வாத்தியம் மூன்றே மூன்று: உடுக்கை, உறுமி, பறை. உடுக்கையில் இடுப்புக் கயிற்றை அழுத்தி விட்டால் ஓசை ஏறி இறங்கும், கிட்டத்தட்டப் பேசும். உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது வருகிற முனகல் இந்தப் பாட்டுகளுக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. பறையை ஒரே ஒரு பாட்டில், தடித்த அடிக்குச்சி இல்லாமல் மெல்லிய சிம்புக்குச்சியால் மட்டும் அடிக்கச் சொன்னேன். உப்புக்காற்றில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். வைக்கோல் மூட்டிக் காய்ச்சினால் ஓசை நிமிரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும். அதனால் பறைப் பகுதியை ஒரே மூச்சில் எடுக்கத் திட்டமிட வேண்டும். பாதியில் டீ குடிக்கப் போனால் வேறு பறையாகிவிடும்.

தாளம் காட்டும் மெட்ரோனோம் கிளிக் சத்தம் வைத்துக்கொள்ளவில்லை. ஒப்பாரியும் அம்பாவும் மூச்சுக்கு ஏற்ப நீண்டு குறுகும், கிளிக் வைத்தால் அந்த நெளிவு செத்துப்போகும். உடுக்கை அண்ணனை எனக்கு எதிரில், மைக்கின் முதுகுப் பக்கம் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் சேர்ந்து பாடி வாசித்தோம். அவர் சத்தம் என் மைக்கில் கொஞ்சம் விழத்தான் செய்தது, பரவாயில்லை. ஆள் பார்த்து ஆள் வாசிப்பதில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது.

ஒலிக்கலவையில் மூன்று விஷயத்தைப் பிடிவாதமாகச் சொன்னேன். சுருதி திருத்தும் மென்பொருள் வேண்டாம், அது பன்னிரண்டு சுரத்துக்கு இடையில் நாம் இழைக்கும் இழைப்பை எல்லாம் நேர்கோடாக்கிவிடும். எதிரொலி குறைவாக இருக்க வேண்டும், பெரிய மண்டபத்தில் பாடுவது போல் செய்துவிட்டால் தனிமை அலங்காரமாகிவிடும். மூன்றாவது, சத்தத்தைக் கூட்டுவதற்காகக் குரலின் ஏற்ற இறக்கத்தை நசுக்க வேண்டாம். பாட்டுச் செயலிகள் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. நசுக்கிய பாட்டைக் குறைத்துவிடுவார்கள், நசுக்கியது மட்டும் அப்படியே இருக்கும்.

மேடையில் பாடும்போது ஒரு கேள்வி வந்தது. மீனவர் தெருக்களில் அம்பாப் பாட்டை எடுத்தால் ஜனங்கள் தானாகவே ஐலசா சொல்லிவிடுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பதிவில் இருப்பதற்கு நேர் எதிரான பாட்டாக அது மாறிவிடும். அதனால் அங்கே அந்தப் பாட்டைக் கடைசியில் வைக்கிறேன், அதன் பிறகு தனிமைப் பாட்டு எதுவும் பாடுவதில்லை. சின்ன அரங்குகளில் அதையே நடுவில் வைக்கிறேன், அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே பாட்டுக்கு இடம் பார்த்து வரிசை மாற்றுவது அவசியம். கோயில் திருவிழாவுக்கு இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டும் பாடுவதில்லை. மங்கல நாளில் கூப்பிட்டவர்களிடம் அதைத் திணிப்பது மரியாதை இல்லை.

வெளியிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், பாட்டுப் பெயர் தமிழிலும் ரோமன் எழுத்திலும். ரோமன் எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேடினால் கிடைக்காது. பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் விநியோகத் தளத்தில் வெளியீட்டு நாளுக்கு மூன்று நாலு வாரம் முன்பே ஏற்றிவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டு அங்கே இருக்க வேண்டும். 2024 முதல், 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணம் கிடையாது. ஆகவே செயலியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். எனக்குச் செலவு திரும்பி வந்தது நிகழ்ச்சிகளிலிருந்துதான்.

உரிமை விஷயத்தில் நம் ஆள்கள் ஏமாந்துகொண்டே இருப்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். மரபு மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் பாடலாம். அதில் நீங்கள் எழுதிய புது வரி உங்களுக்குச் சொந்தம், எழுதிய நிமிடத்திலிருந்தே. அரசிடம் பதிந்தால்தான் உரிமை என்பது தவறான நினைப்பு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கு எழுதியவர் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டும் உரிமை உண்டு. பாடுகிறவர், வாசிக்கிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு. ஆனாலும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்து வைத்தால் தகராறு வரும்போது சான்றாக இருக்கும். பாடல் வரிக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். 2012இல் வந்த திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை ஒரு கம்பெனிக்கு முழுசாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர. ஆடியோ கம்பெனிக்காரர் ஒருவர் என்னிடம் எல்லா உரிமையும் காலாகாலத்துக்கும் என்று ஒரு தாளை நீட்டியபோது இந்த விவரம் தெரிந்திருந்ததால்தான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வர முடிந்தது. பாட்டெழுதுகிறவர்கள், ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிவிடுவது நல்லது.

வாசித்த அண்ணன்களுக்குப் பதிவன்றே முழுக் கூலியும் கொடுத்தேன். ‘வந்தால் பங்கு’ என்று கலைஞர்களை இழுத்தடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆறாவது பாட்டில் நாலு அடி என்னுடையது இல்லை. ஆயாவோடு சேர்ந்து அழுகிற ஓர் அம்மா, கேட்டதும் மனசாரச் சொல்லிக் கொடுத்தது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், சாவுப் பாட்டில் பேர் வருவது நல்லதில்லையாம். அதனால் அட்டையில் ‘குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஒப்பாரி அம்மா ஒருவர் தந்த அடிகள்’ என்று போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டில் வருகிற பணத்தில் பாதி அவருக்கு. வருடத்துக்கு இரண்டு முறை, ஆடியிலும் தையிலும், கணக்கைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுக்கிறேன். தொகை சின்னதாக இருந்தாலும், எத்தனை பேர் கேட்டார்கள், எந்த ஊரிலிருந்து கேட்டார்கள் என்று உட்காரவைத்துக் கேட்டுக்கொள்கிறார்.